மாத்திரை ‘பழகிப்போவது’ யாருக்கு? பென்சிலினை உடைக்கும் நொதியின் கதை

“இந்த மாத்திரையெல்லாம் எனக்குக் கேக்கறதே இல்லப்பா. உடம்புக்குப் பழகிப்போச்சு.”

இப்படிச் சொல்லிக்கொண்டேதான் பெரியம்மா தன் யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டினார். ஒரே வருடத்தில் மூன்றாவது தடவையாகச் சிறுநீர்த் தொற்று. நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பதால், சொந்தத்தில் யாருக்கு எந்த ரிப்போர்ட் வந்தாலும் டாக்டரிடம் போகும் வழியில் ஒரு தடவை என் கைக்கு வந்துவிட்டுத்தான் போகும்.

மேலே ‘ஈ.கோலை’ என்று பாக்டீரியாவின் பெயர். அதன் கீழே மருந்துகளின் வரிசை. ஒவ்வொன்றுக்கும் நேராக எஸ் அல்லது ஆர் என்று ஓர் எழுத்து. எஸ் என்றால் அந்த மருந்துக்கு இந்தப் பாக்டீரியா அடங்கும். ஆர் என்றால் அடங்காது. ஆம்பிசிலினுக்கு ஆர். செஃபிக்சைமுக்கு ஆர். ஊசியாகப் போடும் செஃப்ட்ரையாக்சோனுக்கும் ஆர். பக்கத்தின் அடியில் தடித்த எழுத்தில் ‘இ.எஸ்.பி.எல். பாசிட்டிவ்’.

“பெரியம்மா, உங்க உடம்புக்கு எதுவும் பழகல. அது பாக்டீரியா செய்யற வேலை” என்றேன். அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ‘உடம்புக்குப் பழகிவிட்டது’ என்ற நினைப்பு நம்மில் மிகப் பலரிடம் இருக்கிறது. அப்படி நினைக்கும்வரை இது அவரவர் உடம்பின் தனிப்பட்ட குணம் என்றும், வேறு மாத்திரைக்கு மாறினால் சரியாகிவிடும் என்றும்தான் தோன்றும். நடப்பது வேறு. பாக்டீரியா ஒரு புரதத்தைத் தயாரிக்கிறது. அந்தப் புரதம் மருந்தைப் பிடித்து உடைத்துப் போடுகிறது. அதன் பெயர் பீட்டா லாக்டமேஸ். அது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு தடவை புரிந்துகொண்டால் அந்த ரிப்போர்ட்டின் ஒவ்வொரு ஆர் எழுத்துக்கும் அர்த்தம் தெரிந்துவிடும்.

முதலில் பென்சிலின் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

நம் உடம்புச் செல்களுக்கு வெளியே மெல்லிய சவ்வு மட்டும்தான் இருக்கிறது. பாக்டீரியாவுக்கு அது போதாது. அதன் உள்ளே உப்பும் புரதமும் மற்றதும் அடர்த்தியாகக் கரைந்திருப்பதால், வெளியிலிருக்கும் தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். இறுக்கிப் பிடிக்க ஏதாவது இல்லாவிட்டால், ஊறிய கடலை தோலைக் கிழித்துக்கொள்வதுபோல வெடித்துவிடும். அதற்காகப் பாக்டீரியா தன்னைச் சுற்றி ஒரு வலையைப் பின்னி வைத்திருக்கிறது. அதுதான் செல் சுவர். மீன்வலையை நினைத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் ஓடும் இழைகள் சர்க்கரையால் ஆனவை. இழைக்கும் இழைக்கும் நடுவே விழும் முடிச்சுகள் அமினோ அமிலங்களால் ஆனவை. முடிச்சு இல்லையென்றால் அது வலையே இல்லை, வெறும் நூல்கண்டு.

பாக்டீரியா வளர வளர வலையும் பெரிதாக வேண்டும். பழைய முடிச்சை அவிழ்க்க வேண்டும், புது இழையைச் செருக வேண்டும், மறுபடி முடிச்சுப் போட வேண்டும். முடிச்சுப் போடும் வேலையை ஒரு வகை நொதி செய்கிறது. நொதி என்பதும் புரதம்தான். குறிப்பிட்ட ஒரு வேலையை மிக வேகமாகச் செய்யும், முடிந்ததும் கையைக் காலி செய்துகொண்டு அதே வேலையை மறுபடி செய்யும். சோற்றை நன்றாக மென்றுகொண்டே இருந்தால் லேசாக இனிக்கிறதல்லவா? அது எச்சிலிலிருக்கும் ஒரு நொதி மாவுச்சத்தை உடைப்பதால் வருவது.

இந்த முடிச்சு நொதி, தான் பிடிக்க வேண்டிய இடத்தை ஓர் அடையாளம் வைத்துக் கண்டுகொள்கிறது. இழையிலிருந்து தொங்கும் அமினோ அமிலச் சரத்தின் நுனியில் டி-அலனைன் என்ற அமினோ அமிலம் இரண்டு அடுத்தடுத்து இருக்கும். அந்த ஜோடியைக் கண்டதும் நொதி பிடித்துக்கொள்ளும். கடைசி அலனைனைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பக்கத்து இழையின் சரத்தைக் கோத்துவிட்டு, கையை எடுத்துக்கொள்ளும்.

பென்சிலினின் உருவம் அந்த அலனைன் ஜோடியை ஒத்திருக்கிறது. டிப்பர், ஸ்ட்ரோமிங்கர் என்ற இரு ஆய்வாளர்கள் 1965-ல் இதை எடுத்துச் சொன்னார்கள். நொதி ஏமாந்துபோய்ப் பென்சிலினைப் பிடிக்கிறது. பிடித்த கை அப்படியே ஒட்டிக்கொள்கிறது, எடுக்க முடிவதில்லை. முடிச்சுப் போடுவது நின்றுவிடுகிறது. ஆனால் பழைய முடிச்சை அவிழ்க்கும் நொதிகள் தங்கள் வேலையை நிறுத்துவதில்லை. வலை இளகிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் பாக்டீரியா வெடித்துச் சாகிறது. நமக்குச் செல் சுவர் கிடையாது, முடிச்சு நொதியும் கிடையாது. அதனால்தான் ஒவ்வாமை இல்லாத ஒருவருக்குப் பென்சிலின் இவ்வளவு பாதுகாப்பான மருந்தாக இருக்கிறது.

நாண் ஏற்றிய வில்

பென்சிலினின் உயிர் ஒரு சின்ன வளையத்தில் இருக்கிறது. மூன்று கார்பன் அணுக்களும் ஒரு நைட்ரஜன் அணுவும் சேர்ந்த நான்கு மூலை வளையம். பீட்டா லாக்டம் வளையம் என்று பெயர். டோரத்தி ஹாட்ஜ்கின் 1945-ல் எக்ஸ்ரே படிகவியல் மூலம் இதை உறுதிசெய்தார். அதுவரை பெரிய பெரிய வேதியியலாளர்களே இப்படியொரு வளையம் இருக்கும் என்று நம்பத் தயங்கினார்கள்.

தயங்கியதில் நியாயம் இருந்தது. கார்பன் அணு தன் கைகளை நன்றாக அகட்டி வைத்துக்கொள்ளும் இயல்புடையது. 109 பாகை, 120 பாகை என்றுதான் அதன் கோணங்கள் இருக்கும். நான்கு மூலைக்குள் அதை அடைத்தால் ஏறக்குறைய 90 பாகைக்கு மடங்கியாக வேண்டும். மூங்கிலை வளைத்து நாண் கட்டினால் எவ்வளவு விறைப்பாக இருக்குமோ அப்படி இருக்கிறது அந்த வளையம். எங்கே பிடி தளரும், எப்போது நிமிரலாம் என்று காத்திருக்கிறது. முடிச்சு நொதி தொட்டதும் வளையம் படாரென்று திறந்து அந்த நொதியோடு பிணைந்துகொள்கிறது. அந்த விறைப்பு இல்லையென்றால் பென்சிலின் மருந்தே இல்லை.

அதே விறைப்புதான் அதன் பலவீனமும். வெறும் தண்ணீர்கூட அந்த வளையத்தை மெல்ல மெல்லத் திறந்துவிடும். குழந்தைகளுக்குத் தரும் அமாக்சிசிலின் சிரப் ஏன் பாட்டிலில் பவுடராக வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைப் பாட்டிலில் இருக்கும் கோடு வரை ஊற்றி, குலுக்கி, சில நாட்களுக்குள் கொடுத்து முடித்து, மிச்சத்தைக் கொட்டிவிடச் சொல்வார்கள். தண்ணீர் பட்ட நேரத்திலிருந்து உள்ளே வளையங்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருக்கின்றன. அதனால்தான் அந்தக் கணக்கு. வளையம் திறந்த பென்சிலினுக்குப் பென்சிலாயிக் அமிலம் என்று பெயர். நாண் அறுந்த வில் அது. எந்தப் பாக்டீரியாவையும் அதனால் கொல்ல முடியாது.

பாட்டிலில் தண்ணீர் பல நாள் எடுத்துக்கொண்டு செய்கிற அதே வேலையைப் பீட்டா லாக்டமேஸ் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்கிறது.

எப்படிச் செய்கிறது என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம். முடிச்சு நொதியின் உட்குழிவில் செரின் என்றொரு அமினோ அமிலம் இருக்கிறது. பென்சிலினைப் பிடிக்கும் விரல் அதுதான். பெரும்பாலான பீட்டா லாக்டமேஸ்களிலும் அதே செரின்தான் விரல். இரண்டும் ஒரே மாதிரி பென்சிலினைப் பிடிக்கின்றன. இரண்டிலும் வளையம் ஒரே மாதிரி திறக்கிறது, செரினோடு ஒரே மாதிரி ஒட்டிக்கொள்கிறது. பாதி வழி வரை எந்த வேறுபாடும் கிடையாது. முடிச்சு நொதியின் கதை அந்தப் பாதி வழியிலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் பீட்டா லாக்டமேஸில் அந்தச் செரினுக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர் மூலக்கூறு தயாராக நின்றுகொண்டிருக்கும். டெம்-1 என்ற நொதியை எடுத்துக்கொண்டால், 166-ஆம் இடத்திலிருக்கும் குளுட்டமிக் அமிலம் அந்தத் தண்ணீரை முடுக்கிவிடுகிறது. தண்ணீர் பாய்ந்து, ஒட்டிய இடத்தை வெட்டுகிறது. உடைந்த பென்சிலின் வெளியே போகிறது. விரல் காலி. அடுத்த பென்சிலின் உள்ளே வருகிறது. டெம்-1 ஒரு நொடியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பென்சிலின் மூலக்கூறுகளை இப்படி உடைத்துத் தள்ளும்.

ஒட்டிக்கொண்டு சாகும் கைக்கும் உதறிவிட்டுப் பிழைக்கும் கைக்கும் நடுவே இருப்பது சரியான இடத்தில் நிற்கும் ஒரே ஒரு தண்ணீர் மூலக்கூறு. இரண்டு நொதிகளின் முப்பரிமாண வடிவங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள், வெட்டும் நொதிகள் முடிச்சு நொதிகளின் வம்சத்திலிருந்து பிரிந்து வந்தவை என்கிறார்கள். வலை பின்னிய குடும்பத்தில் பிறந்த பிள்ளைதான் வெட்டும் வேலைக்குப் போயிருக்கிறது.

மருந்துக்கு முன்பே வந்த மாற்று

அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1928-ல் லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் பூஞ்சை விழுந்த தட்டைக் கவனித்த கதை எல்லோருக்கும் தெரியும். அதைவிட என்னை யோசிக்கவைத்தது 1940 டிசம்பரில் வெளிவந்த ஒரு சின்னக் குறிப்பு. பென்சிலினை மருந்தாக்க உழைத்த ஆக்ஸ்ஃபோர்டு குழுவைச் சேர்ந்த எட்வர்ட் ஏப்ரகாமும் ஏர்னஸ்ட் செயினும் ‘நேச்சர்’ இதழில் எழுதியது அது. ஈ.கோலையை அரைத்தெடுத்த சாற்றில் பென்சிலினை அழிக்கும் ஒரு நொதி இருக்கிறது என்றார்கள். பென்சிலினேஸ் என்று பெயரிட்டார்கள். அதே ஆக்ஸ்ஃபோர்டில், உடம்பெல்லாம் தொற்று பரவிய ஒரு போலீஸ்காரருக்குப் பென்சிலின் ஏற்றப்பட்டது 1941 பிப்ரவரியில். மருந்து அவ்வளவு அரிதாக இருந்ததால் அவருடைய சிறுநீரிலிருந்தே திரும்பப் பிரித்தெடுத்து மறுபடி ஏற்றினார்கள். தேறிக்கொண்டு வந்தவர், மருந்து தீர்ந்துபோனதால் மார்ச்சில் இறந்துபோனார். அதாவது, அந்தப் போலீஸ்காரருக்குப் பென்சிலின் ஏற்றும் முன்பே அதை உடைக்கும் நொதி கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது.

அப்படியானால் அந்த ஈ.கோலைக்குப் பென்சிலின் எப்போது பழகியது? பழகவே இல்லை. நொதி முதலிலிருந்தே இருந்தது. கனடாவின் யூக்கான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்துகிடந்த மண்ணை ஆராய்ந்தவர்கள், பீட்டா லாக்டம் மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்கள் அதில் இருந்ததை 2011-ல் வெளியிட்டார்கள். மண்ணில் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் காலங்காலமாக ஒன்றையொன்று எதிர்த்து வாழ்கின்றன. பூஞ்சை பென்சிலினைச் சுரக்கிறது, பாக்டீரியா அதை உடைக்கிறது. நாம் அந்தப் பழைய சண்டையில் ஒரு பக்கத்தின் ஆயுதத்தை எடுத்து மாத்திரையாக்கினோம். மறுபக்கத்தின் கேடயமும் கூடவே வந்துவிட்டது.

‘பழகுவது’ என்ற சொல் ஏன் பொருந்தாது என்பதற்கு மேரி பார்பரின் கணக்கைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அவர் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் இருந்தவர். புண்ணில் சீழ் பிடிக்கவைக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவில் எத்தனை சதவீதம் பென்சிலினுக்கு அடங்கவில்லை என்று வருடாவருடம் எண்ணினார். 1946-ல் 14 சதவீதம். 1947-ல் 38. 1948-ல் 59. இரண்டே வருடம். அவர் எண்ணிக்கையோடு நிற்கவில்லை. இந்தப் பாக்டீரியாக்கள் சிகிச்சையின்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியவை இல்லை என்றும், நொதி வைத்திருந்த வம்சங்கள் வார்டுக்கு வார்டு பரவி மற்றவற்றின் இடத்தைப் பிடித்துவிட்டன என்றும் கண்டார்.

பெரியம்மாவிடம் இதை வயல் கணக்கில் சொன்னேன். ஒரு வயலில் ஆயிரம் களை. அதில் நான்கைந்துக்கு மட்டும் களைக்கொல்லி ஏறாது. மருந்தடிக்காதவரை அந்த நான்கைந்து கூட்டத்தில் கண்ணுக்கே தெரியாது. அடித்தால் மற்றதெல்லாம் கருகிப்போகும். தண்ணீரும் வெயிலும் இடமும் அந்த நான்கைந்துக்கு மட்டும் என்றாகிவிடும். அடுத்த மாதம் வயல் முழுக்க அதுவே நிற்கும். எந்தக் களையும் எதற்கும் பழகவில்லை. நம் குடலில் கோடிக்கணக்கான ஈ.கோலை இருக்கிறது. சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் ஒருவர் மெடிக்கல் ஷாப்பில் செஃபிக்சைம் வாங்கிப் போடுகிறார் என்றால், சளிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. குடலில் மட்டும் இந்தக் களையெடுப்பு நடந்துவிடும். சிறுநீர்த் தொற்றில் பெரும்பாலானவை குடலில் இருக்கும் பாக்டீரியா நகர்ந்து வந்து உண்டாவதுதான். அடுத்த தொற்று எந்த ஈ.கோலையால் வரும் என்று இப்போது நீங்களே சொல்லிவிடலாம்.

“போன மழைக்குக்கூட அதான் ரெண்டு நாள் போட்டேன்” என்றார் பெரியம்மா, மெதுவாக.

கைமாறும் சுவடி

களை உவமை இதற்கு மேல் பொருந்தாது. களை பக்கத்துச் செடிக்குத் தன் குணத்தைக் கொடுக்காது. பாக்டீரியா கொடுக்கும். பீட்டா லாக்டமேஸ் செய்வதற்கான மரபணு பல நேரம் பிளாஸ்மிட் என்ற தனி டி.என்.ஏ. வளையத்தில் இருக்கும். நொதி செய்யும் குறிப்பு எழுதிய சுவடி மாதிரி. ஒரு பாக்டீரியா இன்னொன்றோடு ஒட்டி நின்று அந்த வளையத்தின் நகலைக் கொடுத்துவிடும். வேறு இனமாக இருந்தாலும் கொடுக்கும்.

டெம்-1 அப்படித்தான் உலகம் சுற்றியது. அந்த நொதி 1960-களில் ஏதென்ஸ் நகரில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த ஈ.கோலையில் கிடைத்தது. ‘டெம்’ என்பது அந்த நோயாளியின் பெயரிலுள்ள முதல் எழுத்துகள். ஈ.கோலை போன்றவற்றையும் அடக்கக்கூடிய ஆம்பிசிலின் 1961-ல்தான் விற்பனைக்கு வந்தது. டெம் பற்றிய அறிக்கை 1965-லேயே வந்துவிட்டது. அடுத்த பத்தாண்டில் அது குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் வரவைக்கும் ஹீமோஃபிலஸிடமும், மேகவெட்டை நோயின் கோனோகாக்கஸிடமும் போய்ச் சேர்ந்திருந்தது.

நொதி வைத்திருக்கும் பாக்டீரியா அக்கம்பக்கத்தையும் சேர்த்துக் காப்பாற்றும் என்பதை ஆய்வகத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். ஆம்பிசிலின் கலந்த அகார் தட்டில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ் நிரப்பிய தட்டு) ஈ.கோலையை வளர்த்து, மறுநாள் எடுக்க மறந்துவிட்டால் தெரியும். நடுவே ஒரு பெரிய வெண்மையான கூட்டம் இருக்கும். அதைச் சுற்றிக் குண்டூசித் தலை அளவில் பொட்டுப் பொட்டாகக் குட்டிக் கூட்டங்கள் முளைத்திருக்கும். குட்டிகளிடம் நொதி கிடையாது. பெரிய கூட்டத்திலிருந்து கசிந்த நொதி சுற்றிலும் உள்ள மருந்தை உடைத்துவிட்டதால், அந்த வட்டத்துக்குள் அவை பிழைத்துக்கொண்டன.

மருந்து செய்பவர்கள் சும்மா இருக்கவில்லை. பென்சிலினின் பக்கக்கிளையைப் பருமனாக்கி, நொதியின் குழிவுக்குள் நுழைய முடியாதபடி செய்தார்கள். மெத்திசிலின் அப்படி வந்தது. 1960-ல் புழக்கத்துக்கு வந்த அது ஸ்டஃபிலோகாக்கஸின் நொதிக்கு வளைந்துகொடுக்கவில்லை. ஆனால் 1961-லேயே மெத்திசிலினுக்கும் அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் இங்கிலாந்தில் கிடைத்தது. எம்.ஆர்.எஸ்.ஏ. என்று இன்று சொல்கிறோமே, அதுதான். அது மருந்தை உடைப்பதில்லை. மருந்து ஒட்டாத மாதிரி வேறொரு முடிச்சு நொதியை வைத்துக்கொண்டிருக்கிறது. அது தனிக் கதை.

சரி, ரிப்போர்ட்டில் இருந்த இ.எஸ்.பி.எல்.லுக்கு வருவோம். 1980-களின் தொடக்கத்தில் செஃபோடாக்சைம் போன்ற மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் மருந்துகள் வந்தன. பென்சிலினைப் போலவே பீட்டா லாக்டம் வளையம் உள்ளவை. ஆனால் டெம்-1 மாதிரியான பழைய நொதிகளின் குழிவுக்குள் அடங்காத உருவம். 1983-ல் ஜெர்மனியிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. எஸ்.எச்.வி. என்ற பழைய நொதியின் 260-க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்று, 238-ஆம் இடத்திலிருந்த கிளைசின், செரினாக மாறியிருந்தது. அவ்வளவுதான். குழிவின் வாய் கொஞ்சம் அகன்றுவிட்டது. செஃபோடாக்சைம் உள்ளே நுழைய இடம் கிடைத்துவிட்டது. வீச்சு விரிந்த பீட்டா லாக்டமேஸ் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் இ.எஸ்.பி.எல். இன்று இவற்றில் உலகெங்கும் மிகுதியாகக் கிடைப்பவை சி.டி.எக்ஸ்.-எம். என்ற குடும்பம். அதில் மிகப் பரவலான ஒன்றான சி.டி.எக்ஸ்.-எம்.-15, 1999-ல் டெல்லியில் எடுத்த பாக்டீரியாவில்தான் முதலில் அடையாளம் காணப்பட்டது.

ஆய்வகத்தில் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? எனக்குப் பிடித்த பழைய முறை ஒன்று உண்டு. நோயாளியின் பாக்டீரியாவைப் பஞ்சுக்குச்சியால் தட்டு முழுக்கத் தடவுகிறோம். நடுவில் அமாக்சிசிலின்-கிளாவுலானிக் அமிலம் தோய்த்த சின்னக் காகித வட்டு. அதிலிருந்து சுமார் 2 செ.மீ. தள்ளிச் சுற்றிலும் செஃபோடாக்சைம், செஃப்டாசிடைம் வட்டுகள். இரவு முழுக்க 37 டிகிரியில் வைத்துவிட்டுக் காலையில் எடுத்துப் பார்த்தால், மருந்து வேலை செய்த இடத்தில் பாக்டீரியா வளராமல் தெளிந்த வட்டம் இருக்கும். இ.எஸ்.பி.எல். இருந்தால் செஃபோடாக்சைமைச் சுற்றி அந்த வட்டம் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் நடு வட்டைப் பார்த்த பக்கத்தில் மட்டும் அது நீண்டு போய், பூட்டின் சாவித்துளை மாதிரி ஒரு வடிவம் தெரியும். தனியாக நின்றால் தோற்கும் மருந்து, கிளாவுலானிக் அமிலம் கசிந்து வரும் பக்கத்தில் மட்டும் ஜெயிக்கிறது. முதல் தடவை அந்தச் சாவித்துளையைப் பார்த்த காலையை நான் மறக்கவில்லை. பாடப்புத்தகத்தில் வாக்கியமாகப் படித்தது தட்டில் படமாக நின்றது.

இன்னொரு சோதனை இதைவிட எளிது. நைட்ரோசெஃபின் என்பது பீட்டா லாக்டம் வளையமுள்ள ஒரு மஞ்சள் பொருள். வளையம் உடைந்தால் சிவப்பாகிவிடும். அது தோய்ந்த வட்டை ஒரு சொட்டுத் தண்ணீரில் நனைத்து, பாக்டீரியாவைக் கொஞ்சம் எடுத்து அதில் தேய்த்தால் போதும். பீட்டா லாக்டமேஸ் இருந்தால் மஞ்சளில் சுண்ணாம்பு பட்ட மாதிரி சிவந்துவிடும். சில பாக்டீரியாவில் நிமிடத்துக்குள், ஸ்டஃபிலோகாக்கஸில் ஒரு மணி நேரம் வரைகூட ஆகும். கண்ணுக்குத் தெரியாத ஒரு நொதி வேலை செய்வதை வெறும் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

625 என்றால் என்ன?

கிளாவுலானிக் அமிலம் என்று மேலே சொன்னேனே, அதை நீங்கள் பெரும்பாலும் விழுங்கியிருப்பீர்கள். பல் பிடுங்கிய பிறகோ, சைனஸுக்கோ ‘625’ என்று ஒரு பெரிய மாத்திரை எழுதித் தருவார்களே, அதில் அமாக்சிசிலின் 500 மில்லிகிராம், கிளாவுலானிக் அமிலம் 125 மில்லிகிராம். கூட்டினால் 625.

கிளாவுலானிக் அமிலம் மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிளாவுலிஜெரஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது. அதற்கும் பீட்டா லாக்டம் வளையம் உண்டு. தனியாகக் கொடுத்தால் பெரிதாக எதையும் கொல்லாது. அது பலியாகப் போகிறது. பீட்டா லாக்டமேஸ் இதையும் பென்சிலின் என்றே நினைத்துப் பிடிக்கிறது, வளையம் திறக்கிறது, செரினோடு ஒட்டுகிறது. ஆனால் ஒட்டிய பிறகு கிளாவுலானிக் அமிலம் உருமாறி, தண்ணீரால் வெட்ட முடியாதபடி இறுகிவிடுகிறது. பென்சிலின் முடிச்சு நொதியை ஏமாற்றியதுபோல, இது வெட்டும் நொதியை ஏமாற்றுகிறது. வெட்டும் நொதியின் கை மாட்டிக்கொள்ள, அந்த இடைவெளியில் அமாக்சிசிலின் தன் வேலையை முடிக்கிறது. 1981-ல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த இந்தக் கூட்டு இன்றும் நிற்கிறது. மருத்துவமனையில் ட்ரிப்ஸில் ஏற்றும் பைப்பராசிலின்-டாசோபாக்டமும் இதே யோசனைதான்.

ஆனால் கையே இல்லாத நொதியை எப்படி மாட்டவைப்பது? அப்படி ஒரு கூட்டம் இருக்கிறது. இவற்றில் செரின் விரல் கிடையாது. அதற்குப் பதில் துத்தநாக அணுக்களை வைத்துக்கொண்டு, அவற்றின் உதவியால் தண்ணீரை நேரே வளையத்தின் மேல் ஏவிவிடுகின்றன. மருந்து இவற்றோடு ஒட்டுகிற கட்டமே வருவதில்லை. அதனால் கிளாவுலானிக் அமிலத்தின் தந்திரம் இங்கே செல்லாது. கடைசிக் கட்டத்துக்கென்று வைத்திருக்கும் மெரோபெனம், இமிபெனம் போன்ற கார்பபெனம் மருந்துகளையும் இவை உடைத்துவிடும்.

இந்தக் கூட்டத்தில் பெரிய பெயர் என்.டி.எம்.-1. இந்தியாவில் மருத்துவமனையில் இருந்துவிட்டு ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் 2008-ல் கண்டறியப்பட்டது. 2010-ல் ‘லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்’ இதழில் வந்த ஆய்வின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. என்.டி.எம்.-1 உள்ள பாக்டீரியா மாதிரிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் மற்ற ஊர்களில் 73 என்று அந்த ஆய்வு சொன்னது. பெயரில் ‘நியூ டெல்லி’ இருப்பதற்கு இங்கே பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. ஊர்ப்பெயரை நோயோடு ஒட்டுவது நியாயமா என்ற வருத்தம் எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தச் சண்டையில் விஷயம் கரைந்துபோனதுதான் எனக்குக் கூடுதல் வருத்தம். அடுத்த வருடமே டெல்லியில் 50 குழாய்த் தண்ணீர் மாதிரிகளில் 2-லும், தெருவில் தேங்கிய நீர் மாதிரிகள் 171-இல் 51-லும் இந்த மரபணு இருப்பதாக இன்னோர் ஆய்வு வந்தது. கைமாறும் சுவடி சாக்கடை வழியாகவும் கைமாறுகிறது என்று அர்த்தம். ஆன்டிபயாடிக்கை அளந்து கொடுப்பது ஒரு பாதி என்றால், கழிவுநீர் குடிநீரில் கலக்காமல் பார்த்துக்கொள்வது மறுபாதி. இந்த மறுபாதியைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு.

துத்தநாக நொதிக்கும் ஓர் ஓட்டை இருக்கிறது. அஸ்ட்ரியோனம் என்ற பழைய மருந்தை அதனால் உடைக்க முடியாது. ஆனால் இப்படிப்பட்ட பாக்டீரியாக்கள் பெரும்பாலும் செரின் நொதிகளையும் கூடவே வைத்திருக்கும், அவை அஸ்ட்ரியோனமை உடைத்துவிடும். அதனால் செரின் நொதிகளைக் கட்டிப்போடும் அவிபாக்டமையும் அஸ்ட்ரியோனமையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஒன்று ஒரு கையைக் கட்ட, மற்றது இன்னொரு கைக்குப் பிடிபடாமல் நழுவுகிறது. ஐரோப்பாவில் இந்தக் கூட்டுக்கு 2024-ல் அனுமதி கிடைத்தது.

பெரியம்மாவின் ரிப்போர்ட் அவ்வளவு தூரம் போகவில்லை. மெரோபெனமுக்கு நேரே எஸ் இருந்தது. அதைவிட முக்கியமாக, நைட்ரோஃபியூரன்டாயினுக்கு நேரேயும் எஸ். அது சிறுநீர்ப்பைத் தொற்றுக்கென்றே தரும் பழைய, விலை குறைந்த மாத்திரை. அதில் பீட்டா லாக்டம் வளையமே கிடையாது. வளையம் இல்லாத இடத்தில் இ.எஸ்.பி.எல். நொதிக்கு வேலையும் இல்லை. பெரியம்மாவின் சிறுநீரகச் செயல்பாடு நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டாக்டர் அதைத்தான் எழுதினார். ஐந்தே நாளில் எரிச்சல் நின்றுவிட்டது.

“அப்போ பென்சிலின்னு ஒண்ணு இனிமே யாருக்கும் கேக்காதா?” என்று அதற்கப்புறம் ஒரு நாள் கேட்டார்.

கேட்கும். தொண்டையில் வந்து, கவனிக்காமல் விட்டால் சில குழந்தைகளுக்கு இதய வால்வையே கெடுத்துவிடும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் என்ற பாக்டீரியாவிடம் பென்சிலினை வெட்டும் நொதி இன்றுவரை வந்து சேரவில்லை. அந்தத் தொண்டைத் தொற்றால் வாதக்காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை அரசு மருத்துவமனைகளில் இடுப்பில் போடுகிறார்களே, வலிக்கும் வெள்ளை ஊசி, அது பென்சிலின்தான். 1941-ல் அந்தப் போலீஸ்காரருக்கு ஏற்றிய பென்சிலினின் நெருங்கிய உறவு. அந்தப் பிள்ளைகளின் தொண்டையில் அது இன்றும் முடிச்சு நொதியைப் பிடித்து, விடாமல் ஒட்டிக்கொள்கிறது.